ஓ.வி. ஒத்தவாக்கிய வேதாகமம்: எதைப் பார்த்து வாங்குவது?

கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குள் நுழைந்தால் தமிழ் வேதாகமத்துக்கு மட்டுமே ஓர் அலமாரி இருக்கும். ஜிப் வைத்தது, பொன் விளிம்பு போட்டது, சட்டைப் பையில் அடங்குவது, கல்யாணப் பரிசுக்கென்று வெள்ளை அட்டை போட்டது, ஒரு பக்கம் ஆங்கிலமும் மறுபக்கம் தமிழுமாக இருப்பது என்று வகை வகையாக அடுக்கியிருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் வசனம் ஒன்றேதான். ஹென்றி பவர் முன்னின்று திருத்தி, 1871-ல் முழு வேதாகமமாக வெளிவந்த மொழிபெயர்ப்பு அது. சபைகளில் ஓ.வி. (ஓல்டு வெர்ஷன், பழைய மொழிபெயர்ப்பு) என்பது இதைத்தான். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபையில் போய் உட்கார்ந்தாலும் போதகர் வாசிப்பது பெரும்பாலும் இதிலிருந்துதான்.

வசனம் ஒன்றேதான் என்றால் எதை வாங்கினாலும் சரிதானே என்று கேட்கலாம். ஆராதனைக்கு எடுத்துப்போய்ப் போதகர் சொல்லும் இடத்தைத் திறந்து கூடவே வாசிக்க என்றால் சரிதான். ஆனால் தனியாக உட்கார்ந்து, கிறிஸ்து நமக்கு ஏன் வேண்டும் என்று வேதமே சொல்லக் கேட்க விரும்புகிறவருக்கு ஒத்தவாக்கியப் பதிப்புதான் சரி. காசு கொஞ்சம் கூடும், புத்தகமும் கனக்கும். இருந்தாலும் அதையே வாங்கச் சொல்வேன்.

ஒத்தவாக்கியம் என்பது வேறொன்றுமில்லை. வசனத்துக்குள் ஒரு சிறு குறி இருக்கும். அதே பொருளை வேறெந்த இடத்தில் வேதம் பேசுகிறது என்பதைப் பக்கத்தின் நடுவிலோ அடியிலோ பொடி எழுத்தில் கொடுத்திருப்பார்கள். பலர் அதை ஏதோ போதகர்களுக்கான சமாச்சாரம் என்று கண்ணால் தாண்டிப் போகிறார்கள். சுவிசேஷத்தின் முழுக் கணக்கும் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது.

ஒரு சோதனை சொல்கிறேன், கடையில் நின்றபடியே செய்து பார்க்கலாம். லேவியராகமம் 16-ஐத் திறவுங்கள். வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஆசாரியன் திரைக்கு உள்ளே போகும் அதிகாரம் அது. இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள் நிற்கும். சீட்டுப் போட்டு ஒன்றைக் கர்த்தருக்கென்று எடுப்பார்கள். மற்றது போக்காடு. முதல் கடாவின் இரத்தம் உள்ளே போகும். போக்காட்டின் தலையில் ஆசாரியன் இரண்டு கைகளையும் வைத்து ஜனத்தின் அக்கிரமங்களை அறிக்கையிட்ட பிறகு, அது வனாந்தரத்துக்கு ஓட்டப்படும். இந்தப் பக்கத்தின் ஒத்தவாக்கியங்களில் எபிரெயர் 9 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுக்கலாம். இல்லையென்றால் அந்தப் பதிப்பில் ஒத்தவாக்கியம் பேருக்குத்தான் இருக்கிறது, அடுத்த பதிப்பைக் கேளுங்கள்.

எபிரெயர் 9 அந்த ஆசாரியனையே எடுத்துப் பேசுகிறது. அவன் போனது வருஷத்துக்கு ஒரு தரம், அதுவும் தன் பாவத்துக்கும் சேர்த்து இரத்தம் எடுத்துக்கொண்டு. அடுத்த அதிகாரத்தின் 4-ஆம் வசனம் ஒரே வரியில் கதவைச் சாத்துகிறது: காளை, வெள்ளாட்டுக்கடா இவைகளுடைய இரத்தம் "பாவங்களை நிவிர்த்திசெய்யமாட்டாதே." ஆயிரம் வருஷத்துக்கு மேலாகச் செய்துவந்த பலி பாவத்தைத் தீர்க்கவில்லை, தீர்க்கப்போகிறவரைச் சுட்டிக்காட்டிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு அடுத்து, 11-ஆம் 12-ஆம் வசனங்களின் வினைச்சொற்களை மட்டும் பாருங்கள். ஆசாரியன் அதே பலிகளை அடிக்கடி செலுத்திக்கொண்டு "நிற்பான்." இவரோ ஒரே பலியைச் செலுத்தி "உட்கார்ந்து" விட்டார். வேலை முடியாதவன் நிற்கிறான், முடித்தவர் உட்காருகிறார். லேவியராகமத்தை மட்டும் வாசித்தவருக்கு அது ஆடுமாடுகளின் கணக்குப் புத்தகமாகத் தெரியும். எபிரெயரை மட்டும் வாசித்தவருக்குக் கிறிஸ்துவின் மரணம் எதற்கு அவ்வளவு அவசியம் என்பது பிடிபடாது. இரண்டையும் இணைக்கும் நூல் அந்தப் பொடி எழுத்து.

இந்த மொழிபெயர்ப்பின் பெரிய பலம் ஒரு சொல்லில் இருக்கிறது. யாத்திராகமம் 25-ல் உடன்படிக்கைப் பெட்டியின் மூடிக்குப் பெயர் கிருபாசனம். இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், பசும்பொன். முழத்தை ஒன்றரை அடி என்று வைத்தால் மூன்றே முக்கால் அடிக்கு இரண்டேகால் அடி, அதாவது ஒரு சிறிய மேசைப் பலகையின் அளவு. பெட்டிக்குள்ளே நியாயப்பிரமாணப் பலகைகள் இருக்கின்றன, அவற்றில் எழுதியிருப்பதை நாம் மீறியிருக்கிறோம். மேலே தேவன் "அங்கே நான் உன்னைச் சந்திப்பேன்" என்று சொன்ன இடம். நடுவில் இந்த மூடி, அதன்மேல் தெளித்த இரத்தம். இப்போது ரோமர் 3-க்கு வாருங்கள். எல்லாரும் பாவஞ்செய்து தேவமகிமையற்றவர்களானார்கள் என்ற பிறகு, தேவன் கிறிஸ்துவைக் "கிருபாதாரபலியாக" ஏற்படுத்தினார் என்று வருகிறது. அந்த இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லும் எபிரெயர் 9:5-ல் பெட்டியின் மூடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் ஒன்றே. தமிழில் கிருபாசனம், கிருபாதாரபலி என்று இரண்டிலும் கிருபை நிற்பதால், கிரேக்கம் தெரியாதவருக்கும் காதில் அந்த உறவு விழுந்துவிடுகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எபிரெயர் 4:16-ல் "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்" என்று இருக்கிறது. அங்கே மூலத்தில் உள்ளது கிருபையின் சிங்காசனம், பெட்டியின் மூடி இல்லை. தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டது. கறாராகப் பார்த்தால் இது ஒரு கலப்பு. வாசிக்கிறவர் அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அதே ரோமர் 3-ல் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. தமிழில் எழுவாயும் காரணங்களும் முன்னால் வந்து வினை கடைசியில் நிற்கும். அதற்கேற்ப 25, 26 வசனங்களின் உள்ளடக்கம் இடம் மாறியிருக்கிறது. பிற மொழி வேதாகமங்களில் 25-ல் வரும் செய்தி ஓ.வி.யில் 26-ல், வாக்கியத்தின் முடிவில்தான் வருகிறது. ஆங்கில விளக்கவுரையை வைத்துக்கொண்டு ரோமர் 3:25 என்று தேடுகிறவர் தமிழில் கிருபாதாரபலியைக் காணாமல் திகைப்பார். 23 முதல் 26 வரை ஒரே மூச்சாக வாசித்துவிட்டால் குழப்பமில்லை. யோவான் 3:16-லும் இதே வாக்கிய அமைப்புதான். விசுவாசிக்கிறவன், நித்தியஜீவன், தந்தருளியது என்று எல்லாம் வந்த பிறகு, "இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்" என்று அன்பில் போய் வாக்கியம் இறங்குகிறது. மனப்பாடமாகச் சொல்லிச் சொல்லி இந்த அழகை நாம் கவனிக்காமலே விட்டுவிட்டோம்.

இந்தத் தமிழ் திடீரென்று வந்ததில்லை. தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் அங்கேயே அச்சாகி முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. பழைய ஏற்பாட்டில் அவர் ரூத் வரை போய் 1719-ல் இறந்தார், மீதியை முடித்தவர் சூல்ட்சே. பிறகு பப்ரிசியுஸ், ரேனியுஸ், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் துணையோடு உழைத்த பெர்சிவல் என்று ஒவ்வொருவரும் செதுக்கிய மொழியின் மேல்தான் பவர் வேலை செய்தார். சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பதிப்பித்தவர் அவர். அந்தப் பழக்கம் வாக்கியத்தின் ஓசையில் தெரிகிறது.

ஆனால் 1871-ன் தமிழ் இன்றைய வாசகருக்குத் தடுக்கும் இடங்கள் நிறைய. கடினமான சொல் பெரிய பிரச்சினை இல்லை, அகராதியைப் பார்த்துக்கொள்ளலாம். தெரிந்த சொல்தானே என்று நினைத்துத் தவறாகப் புரிந்துகொள்வதுதான் பிரச்சினை.

மத்தேயு 11:28-ஐ எடுத்துக்கொள்வோம். "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே" என்பதை நாம் துக்கப்படுகிறவர்களே என்று வாசிக்கிறோம். ஆறுதல் கூட்டங்களின் சுவரொட்டியில் எல்லாம் அப்படித்தான் போட்டிருக்கிறது. மூலச்சொல்லின் பொருள் களைத்துப்போகும் அளவுக்குப் பாடுபடுவது. "மெய்வருத்தக் கூலி தரும்" என்று குறள் சொல்லும் அதே வருத்தம், உடல் நோக உழைப்பது. மத்தேயு 23:4-ல் வேதபாரகரும் பரிசேயரும் சுமப்பதற்கரிய சுமைகளைக் கட்டி மனுஷர் தோள்களின்மேல் வைக்கிறார்கள் என்கிறாரே, அந்தச் சுமைதான் இங்கே பாரம். தன் நன்மையால் தேவனுக்கு முன் நின்றுவிடலாம் என்று மூச்சுத் திணற உழைக்கிறவனைத்தான் இயேசு கூப்பிடுகிறார். அழுகிறவனுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் அழுகையே இல்லாமல், நோன்பும் காணிக்கையும் தவறாமல் செலுத்திவிட்டு உள்ளே நிம்மதி இல்லாமல் இருக்கிறவனுக்கு இந்த வசனம் தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று தெரியாமலே போய்விடுகிறது.

ஒப்புரவாக்குதல் இன்னொன்று. குறளில் ஒப்புரவு என்றால் ஊருக்கு உதவுவது. 2 கொரிந்தியர் 5-ல் அது பகையானவர்களைச் சமாதானமாக்குவது. யார் யாரோடு ஒப்புரவாக வேண்டும் என்பதை அங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும்: மனம் மாறவேண்டிய பக்கம் நம்முடையது, முதலில் எழுந்து வந்தவர் அவர்.

மாம்சம் என்றதும் உடம்பு என்று கொண்டு, உடம்பை ஒடுக்கினால் பாவம் ஒடுங்கும் என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. கலாத்தியர் 5-ல் மாம்சத்தின் கிரியைகள் என்ற பட்டியலில் பகைகளும் கோபங்களும் பிரிவினைகளும் இருக்கின்றன. பட்டினி கிடந்தால் பகை போகுமா? தேவனை விட்டுத் தனக்கென்றே வாழும் முழு மனுஷனைத்தான் பவுல் அந்தச் சொல்லால் குறிக்கிறார்.

நீதிமானாக்குதல் என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். "ஆக்குதல்" என்ற சொல், கொஞ்சம் கொஞ்சமாக நல்லவனாக மாற்றுவது போலக் காதில் விழுகிறது. பவுல் எடுத்திருப்பது வழக்குமன்றச் சொல், நியாயாதிபதி இவன் நீதிமான் என்று தீர்ப்புச் சொல்வது. ரோமர் 4:5 இதைத் தெளிவாக்கிவிடும். அங்கே தேவன் "பக்தியற்றவனை நீதிமானாக்குகிறவர்," விசுவாசம் நீதியாக "எண்ணப்படும்." எண்ணுதல் என்பது கணக்கில் வரவு வைப்பது. பக்தி வந்த பிறகு தீர்ப்பு என்றால் அந்த வசனத்தில் பக்தியற்றவனுக்கு இடமே இருந்திருக்காது. வாழ்க்கை மாறுவது பின்னாலேயே வரும், 6-ஆம் அதிகாரம் முழுக்க அதுதான். தீர்ப்பு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. மீட்பு என்ற சொல்லுக்கு மட்டும் விளக்கமே வேண்டாம். அடகுக் கடைக்குப் போய் நகையை மீட்டு வந்த எந்தத் தாய்க்கும் ரோமர் 3:24 புரியும். பணம் கட்டாமல் மீட்பு இல்லை, கட்டியவர் நகை அல்ல.

இப்படித் தடுக்கும் இடங்களுக்காகப் பக்கத்தில் இன்னொரு மொழிபெயர்ப்பு இருப்பது நல்லது. ஓ.வி.யை ஒட்டியே நடையைப் பிரித்து எளிதாக்கிய ஐ.ஆர்.வி. (இந்தியன் ரிவைஸ்டு வெர்ஷன்) 2019-ல் வந்தது, செல்போனில் இலவசமாகவே கிடைக்கிறது. "சகாயஞ்செய்யுங்கிருபையை" போன்ற சேர்ந்து கிடக்கும் சொற்களில் நாக்கு சிக்குகிற பிள்ளைகளுக்கு அது உதவும். எளிய நடையில் வந்த ஈ.ஆர்.வி. (ஈஸி டு ரீட் வெர்ஷன்) கதைப் பகுதிகளுக்கு மிக நன்று, நிருபங்களில் சொல்லின் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது.

கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியம் 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு. தமிழ் தெளிவானது. கிருபாதாரபலி வரும் 1 யோவான் 2:2-ல் அது "கழுவாய்", அதாவது பாவத்துக்குப் பரிகாரம், என்ற சொல்லைப் போட்டிருக்கிறது. புறநானூற்றின் 34-ஆம் பாட்டில் இருக்கிற சொல், நல்ல தேர்வு. ஆனால் பெட்டியின் மூடி அங்கே இரக்கத்தின் இருக்கை. கழுவாய்க்கும் இருக்கைக்கும் ஓசையில் உறவு இல்லாததால், மேலே சொன்ன அந்த நூல் அறுந்துபோகிறது. இரண்டையும் மாற்றி மாற்றி வாசிக்கிறவருக்கு நூல்களின் பெயரும் இடிக்கும். ஆதியாகமம் அங்கே தொடக்கநூல், உபாகமம் இணைச் சட்டம், சங்கீதம் திருப்பாடல்கள், வெளிப்படுத்தின விசேஷம் திருவெளிப்பாடு. 66 புத்தகங்களுக்குப் பதில் 73 இருக்கும்.

இனி புத்தகத்தின் உடம்பைப் பார்ப்போம். முதலில் எழுத்து. அளவை அட்டையில் போட்டிருப்பதை நம்பாமல், கையை முக்கால்வாசி நீட்டி வைத்துக்கொண்டு எண்ணாகமம் 1-ஐ வாசியுங்கள். ண, ன, ஞ மூன்றும் தயங்காமல் பிரிகின்றனவா, "கர்த்தர்" என்பதில் மூன்று புள்ளிகளும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தாள் மெல்லியதாக இருப்பதால் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரியும், அந்த நிழலில் புள்ளிகள்தான் முதலில் தொலையும். பிறகு ஒத்தவாக்கியத்தின் எழுத்தையும் அதே தூரத்தில் பாருங்கள். அது தெரியவில்லை என்றால் இந்தப் பதிப்பை வாங்கிப் பயனில்லை. நாற்பத்தைந்து வயது தாண்டியவர்கள் கண்ணாடியோடு போய் வாங்குவது உத்தமம். வீட்டில் தாத்தா காலத்துப் பிரதி இருந்தால், அதில் ணை, லை, றா எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் இருக்கும். பிள்ளைகள் தடுமாறுவது அதனால்தான், சொல்லிக்கொடுத்தால் பத்து நிமிஷத்தில் பழகிவிடும்.

அடுத்தது கட்டு. ஆதியாகமம் 1-ஐத் திறந்து மேசைமேல் வையுங்கள், கையை எடுத்ததும் மூடிக்கொண்டால் அது பசையால் ஒட்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். முதுகின் மேல்முனையை உற்றுப் பார்த்தால், தைத்த கட்டில் மடித்த தாள் கொத்துகள் வரிசையாகத் தெரியும். தினமும் புரட்டுகிற புத்தகம் தைத்ததாகவே இருக்க வேண்டும். பசைக்கட்டு சங்கீதப் பக்கம் நடுவில் பிளந்துகொள்ளும், ஏனென்றால் அதிகம் திறக்கப்படும் இடம் அதுதான்.

ஜிப் உறையைப் பரிந்துரைக்க மாட்டேன். மூடும்போது பல்லில் தாளின் ஓரம் சிக்கிக் கிழிகிறது, முதலில் கிழிவது பெரும்பாலும் வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசித் தாள். தனியாகக் கழற்றக்கூடிய துணி உறை போதும். தம்ப் இண்டெக்ஸ், அதாவது புத்தகங்களைச் சட்டென்று திறக்கத் தாளின் ஓரத்தில் விரல் அளவுக்கு வெட்டிய பள்ளம், வசதிதான், ஆனால் விரலை வைத்து இழுத்துத் திறந்தால் அந்தப் பள்ளத்திலிருந்தே கிழியத் தொடங்கும், பக்கத்தைத் தள்ளித் திறக்க வேண்டும்.

வாங்கி வந்ததும் நேராக நடுவில் விரித்து அழுத்தாதீர்கள். முதுகை மேசையில் வைத்து, இரண்டு அட்டைகளையும் இருபுறமும் சாய்த்து, முன்னால் இருந்து இருபது தாள், பின்னால் இருந்து இருபது தாள் என்று மாற்றி மாற்றி மெல்லத் தடவிவிட்டால் முதுகு சீராகப் பழகும். பொன் விளிம்பில் தாள்கள் ஒட்டியிருந்தால் நகத்தால் பிரிக்காமல், கட்டாகப் பிடித்து விசிறிபோல் ஓடவிடுங்கள். ஜெல் பேனாவும் ஹைலைட்டரும் மறுபக்கம் ஊறும். அடிக்கோடு இட எச்.பி. பென்சிலோ மரக் கலர் பென்சிலோ நல்லது. மழைக்காலத்தில் தாள் அலையலையாகச் சுருங்கும், வெயிலில் காயப்போடாமல் மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்து இரண்டு நாள் விடுங்கள்.

எப்படி வாசிப்பது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. மொத்தம் 1,189 அதிகாரங்கள். கிழமை நாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வைத்தால் வாரம் 23, வருஷத்தில் முடிந்துவிடும். ஜனவரி ஒன்றாம் தேதி இப்படித் தொடங்குகிறவர்கள் மாதக் கடைசியில் லேவியராகமத்துக்கு வந்து நின்றுவிடுகிறார்கள். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, நாலு வாரத்தில் அங்கேதான் வந்து சேருவோம். நிற்காமலிருக்க ஒரு வழி உண்டு. லேவியராகமத்தில் இரண்டு அதிகாரத்துக்கு எபிரெயரில் ஒன்று என்று சேர்த்து வாசியுங்கள். 27-க்கு 13, கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். முதல்முறையாக வேதத்தைத் தொடுகிறவருக்கு இந்த வரிசையே வேண்டாம். மாற்கு 16 அதிகாரம், பிறகு ரோமர் 16 அதிகாரம். மாற்கில் இயேசு யார் என்று பார்த்துவிட்டு ரோமரில் அவர் ஏன் வந்தார் என்று கேட்கலாம்.

செல்போன் செயலி கையோடு இருப்பதும் சொல்லைத் தேடுவதும் வசதி. கிருபாசனம் என்று அடித்தால் எல்லா இடமும் வந்துவிடும். ஆனால் அது ஒவ்வொரு வசனத்தையும் தனியாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஏசாயா 53:6-ல் "அவனவன் தன்தன் வழியிலே போனோம்" என்ற பாதியை மறந்து, பாரம் அவர்மேல் விழுந்தது என்ற பாதியை மட்டும் வாழ்த்து அட்டையில் போடும் பழக்கம் இந்தத் தனி வசன வாசிப்பிலிருந்து வருவதுதான். தாளில் பக்கம் முழுவதும் கண்முன் இருக்கும்போது நம்முடைய வழி என்ன என்ற பாதியை அவ்வளவு எளிதில் தாண்ட முடியாது.

பரிசாகக் கொடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞானஸ்நானம் எடுத்த இளைஞருக்கு ஒத்தவாக்கியப் பதிப்பைக் கொடுங்கள், முதல் பக்கத்தில் பெயரோடு லேவியராகமம் 16, எபிரெயர் 9, ரோமர் 3 என்று மூன்று இடங்களையும் பென்சிலால் எழுதிக்கொடுங்கள். எழுபது வயதுப் பாட்டிக்கு ஒத்தவாக்கியம் வேண்டாம், கிடைப்பதிலேயே பெரிய எழுத்துப் பதிப்பை வாங்கிக்கொடுங்கள். முழு வேதாகமம் மடியில் கனக்கும் என்றால் புதிய ஏற்பாடும் சங்கீதமும் மட்டும் சேர்ந்த பெரிய எழுத்துப் பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள்.